குற்றவாளி சாரதி மட்டுமா?

“வேகக் கட்டுப்பாட்டை இழந்த டிப்பர் மோதி ஒருவர் பலி, சாரதி கைது.” வடபகுதிப் பத்திரிகைகளைப் படிப்போருக்கு இவ்வாக்கியம் பழகிப்போன ஒன்று. ஊரின் பெயரும் இறந்தவரின் வயதும் மாறும், வாக்கியம் மாறுவதில்லை. இலங்கையின் வீதிகளில் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் உயிரிழக்கும் இக்காலத்தில், மரணச் செய்திக்கென்றே ஓர் அச்சுவார்ப்பு உருவாகிவிட்டது.

இலக்கணம் பயின்றவர்கள் இவ்வாக்கியத்தைச் சற்றே பிரித்துப் பார்க்க வேண்டும். முதற் பகுதியில் மோதியது டிப்பர். இரண்டாம் பகுதியில் கைதானவர் சாரதி. அந்த டிப்பரை வாங்கித் தொழில் நடத்துபவர், மணலை அளவுக்கு மீறி ஏற்றச் சொன்னவர், மாலைக்குள் இத்தனை நடை ஓடியாக வேண்டும் என்று கணக்கிட்டவர், தேய்ந்த ரயரை அடுத்த மாதம் மாற்றலாம் என்றவர் ஆகியோருள் எவருக்கும் வாக்கியத்தில் இடமில்லை. தோன்றா எழுவாய் என்று நாம் வகுப்பறையிலே கற்பிக்கிறோம். செயலைச் செய்வித்தவர் வாக்கியத்தில் தோன்றாமலே இருந்துவிடலாம் என்பதற்கு, நமது வீதிகளை விடச் சிறந்த உதாரணம் கிடைக்காது.

கனரக வாகனங்களை வைத்துத் தொழில் நடத்துவோர் சட்டத்துக்கு அடங்கி நடக்கிறார்களா என்ற கேள்வி ஏதோ கணக்காளருக்கும் வழக்கறிஞருக்கும் உரிய வரட்டு விஷயம் என்று எண்ணுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. உழைப்பு, இலாபம், பொதுமக்களின் உயிர், ஊரின் நிலம் ஆகிய நான்கும் ஒன்றையொன்று சந்திக்கும் நாற்சந்தி அது. அச்சந்தியிலே சட்டம் யார் தோளில் கைவைக்கிறது, யாரைக் கண்டும் காணாதது போலப் போகிறது என்பதைப் பேசவே இக்கட்டுரை.

லொறியின்மீது நமக்குப் பகையில்லை. அதை முதலிலேயே கூறிவிட வேண்டும். லொறி வராத நாள் எப்படிப்பட்டது என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது அரிசிக்கும் மாவுக்கும் கப்பலை எதிர்பார்த்துப் பருத்தித்துறைக் கடலை நோக்கியிருந்த ஊர் இது. யுத்தம் 2009இல் முடிந்தபின் வீதி திறந்தது, லொறிகள் வந்தன, இடிந்த வீடுகள் எழத் தொடங்கின. இந்திய அரசின் உதவியுடனான 50,000 வீட்டுத் திட்டம், வீதிப் புனரமைப்பு, தனியார் கட்டிடங்கள் எல்லாம் சேர்ந்து மணலுக்குப் பெரும் பசியை உண்டாக்கின. அப்பசிக்கு வடமராட்சி கிழக்கின் மணல் இரையாயிற்று. மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில் என நீளும் அம்மணற் பரப்பிலிருந்து அள்ளியதை ஊருக்குள்ளே கொண்டுவரும் கருவிதான் டிப்பர். கருவியைக் குற்றங் கூறுவதற்கில்லை. கருவியை எந்த விதிமுறையில், யாருடைய உடலை வருத்தி, யாருடைய இலாபத்துக்காக ஓட்டுகிறோம் என்பதே பிரச்சினை.

சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது; 2009இல் அது பெரிதும் திருத்தப்பட்டது. ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். அதற்குக் காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், லொறியாயின் வாகனத் தகுதிச் சான்றிதழ் ஆகியன வேண்டும். சிறிய லொறிக்கு ஒருவகை, பெரிய லொறிக்கு ஒருவகை, இழுவைப் பெட்டியுடன் கூடியதற்கு வேறொரு வகை எனச் சாரதி அனுமதிப்பத்திரங்கள் பிரிக்கப்பட்டுள்ளன. மணல் அகழ்வதற்கும் கொண்டு செல்வதற்கும் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டம் உண்டு. கரையோரத்தைக் காக்க 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஏட்டிலே பார்த்தால் நமது டிப்பர்கள் சட்டப் புத்தகங்களின் பாரத்திலேயே அசைய முடியாதவை போலத் தோன்றும்.

ஆயினும் நடைமுறையைப் பாருங்கள். வீதியோரத்தில் பொலிசார் கையசைத்து நிறுத்துவது யாரை? சாரதியை. தண்டப்பணச் சீட்டில் எழுதப்படும் பெயர் யாருடையது? சாரதியினுடையது. பறிக்கப்படும் அனுமதிப்பத்திரமும் அவனுடையதே. அந்த அட்டை ஒன்றே அவனது முதல். அது போனால் அவனது சமையலறை அணைந்துவிடும். உடைமையாளருக்கோ சாரதி ஒருவன் போனால் இன்னொருவன். வாகனம் மறுநாளும் ஓடும்.

இங்கே ஓர் ஒப்பீட்டை வாசகர் சிந்தனைக்கு வைக்கிறோம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயந்திரத்துக்குக் காப்பு வேலி போடுவதும் வேலைத்தலத்தை ஆபத்தின்றி வைத்திருப்பதும் தொழிற்சாலையை நடத்துபவரின் கடமை என்று கொள்கிறது. இயந்திரத்தில் கை அகப்பட்டால், “இயந்திரத்தை இயக்கியவன் யார்?” என்று மட்டும் கேட்டு அதிகாரி திரும்பிப் போக முடியாது. “இதை நடத்துபவர் யார்?” என்ற கேள்வி எழுந்தே தீரும். நான்கு சுவருக்குள் நிற்கும் இயந்திரத்துக்கு இந்த நியாயம். அதே பாரமுள்ள இயந்திரத்துக்குச் சக்கரம் பூட்டி, பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் செல்லும் வீதியிலே விட்டுவிட்டால் மட்டும் நடத்துபவர் மறைந்து, இயக்கியவன் தனியே நிற்பதேன்? லொறி என்பது வீதியில் நகரும் தொழிற்சாலை. அதன் சுவர் இல்லாமையால் ஆபத்து கூடுகிறது. பொறுப்பும் கூட வேண்டும். ஆனால் நம்மிடையே பொறுப்பு குறைந்துவிட்டது.

சாரதி ஏன் வேகமாக ஓட்டுகிறான்? “பொறுப்பற்ற இளைஞர்கள், கையிலே தொலைபேசி, காதிலே பாட்டு” என்று விடை கூறுவோர் பலர். அத்தகையோரும் உளர், மறுக்கவில்லை. ஆனால் சமூக நிகழ்ச்சி ஒன்று தினந்தோறும் ஒரே விதமாக நடக்கும்போது, அதன் காரணத்தைத் தனிமனிதனின் குணத்திலே தேடுவது அறிவுடைமை ஆகாது. காரணம் கூலி கொடுக்கும் முறையிலே இருக்கிறது. நாட்சம்பளம் இல்லை, மாதச் சம்பளம் இல்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி. நான்கு நடை ஓடினால் நான்கு பங்கு. ஆறு நடை ஓடினால் ஆறு பங்கு. வாகனத்தை மெதுவாக ஓட்டுபவன் தன் பிள்ளையின் பால்மாவைக் குறைக்கிறான். இப்படிப்பட்ட ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டு, வல்லை வெளியிலே வேகத்தைக் குறைக்குமாறு பலகை நாட்டுவது, பசித்தவன் முன்னே உண்ணாவிரத மகிமையைப் பேசுவது போன்றது.

நடைக் கூலியின் தீமை வேகத்தோடு நிற்பதில்லை, பாரத்தையும் கூட்டுகிறது. கணக்குப் பாடத்தில் ஆர்வமுள்ள மாணவர் இதைக் கவனிக்கலாம். ஒரு கியூப் என்பது 100 கன அடி. அவ்வளவு உலர்ந்த மணல் ஏறத்தாழ நாலரைத் தொன் நிறையுடையது. நனைந்த மணல் அதற்கும் மேல். விதித்த அளவுக்கு மேல் ஒரு கியூப்பைக் குவித்தால் மூன்று கார்களின் நிறையை மேலதிகமாகத் தூக்கி வைத்ததாகும். அதே வாகனம் மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓடாது 60இல் ஓடினால் பிறேக் அடக்க வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்காகிறது. வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப அது பெருகும் என்பது பௌதிக விதி. பாரமும் கூடி, வேகமும் கூடி, பிறேக்கும் தேய்ந்திருந்தால் எந்தச் சாரதியின் திறமையும் அதை நிறுத்தாது. அப்போது வாகனம் “கட்டுப்பாட்டை இழந்தது” என்று எழுதுகிறோம். உண்மையில் கட்டுப்பாடு அன்று காலை மணல் ஏற்றிய இடத்திலேயே இழக்கப்பட்டுவிட்டது.

வீதிக்கு நேரும் சேதம் வேறு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலே, இதற்கெனவே வீதிகள் அமைத்து லொறிகளை ஓட்டிப் பெரும் பரிசோதனை ஒன்று நடத்தினார்கள். வீதியின் சேதம் அச்சுப் பாரத்தின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கேற்பப் பெருகுகிறது என்பது அதன் முடிவு. பாரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் சேதம் இருமடங்கு. பாரம் இருமடங்கானால் சேதம் பதினாறு மடங்கு! மேலதிக மணலின் இலாபம் ஒருவர் பையிலே விழ, உடைந்த வீதியைச் செப்பனிடும் செலவு ஊரார் வரிப்பணத்தில் விழுகிறது. இதற்குப் பெயர் வியாபாரத் திறமையாம்!

நமது பழைய இலக்கியத்திலே பாரவண்டிகள் உண்டு. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பேற்றிச் சென்ற உமணர்கள், வழியிலே மேடும் பள்ளமும் வரும் என்று அஞ்சி, வண்டியின் அடியிலே சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றிலே உவமையாக்குகிறார். ஏன் கட்டினார்கள்? உமணன் தன் மனைவி மக்களோடு அவ்வண்டிகளுடனேயே சென்றான். அச்சு முறிந்தால் நடுவழியில் நிற்பது அவனும் அவன் குழந்தைகளும்தான். பொருளுக்கு உடையவனே பயணத்தின் ஆபத்துக்கும் உரியவனாக இருந்தான். இன்று பொருளுக்குரியவர் லொறியில் ஏறுவதில்லை. இலாபம் ஓரிடத்திலும் ஆபத்து ஓரிடத்திலுமாகப் பிரிந்துவிட்டன. பிரிந்த அவ்விரண்டையும் மீண்டும் ஒருவர் தலையிலே சேர்த்து வைப்பதுதான் நவீன சட்டத்தின் வேலை.

அது முடியாத காரியமா? பிற நாடுகளிலே செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் பாத் நகரிலே, 2015 பெப்ரவரி 9ஆம் திகதி, செங்குத்தான தெருவொன்றில் இறங்கிய டிப்பரின் பிறேக்குகள் வேலை செய்யவில்லை. நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி உட்பட நால்வர் மாண்டனர். வாகனத்தை ஓட்டியவன் வேலைக்குப் புதிதாய் வந்த, இருபது வயதும் நிரம்பாத இளைஞன். நமது ஊராயின் கதை அவன் கைதோடு முடிந்திருக்கும். அங்கேயும் அவன்மீது வழக்குத் தொடரப்பட்டது. ஆனால் நீதிமன்றம் அவனைக் குற்றமற்றவன் என்று விடுவித்தது. நிறுவனத்தை நடத்தியவருக்கு ஏழரை ஆண்டும், வாகனத்தைப் பராமரித்த மெக்கானிக்குக்கு ஐந்தேகால் ஆண்டும், கொலைக்குச் சமமான அலட்சியத்துக்காக 2017 ஜனவரியில் சிறைத்தண்டனை கிடைத்தது. பராமரிக்காத பிறேக்கே கொன்றது என்றும், பிறேக்கைப் பராமரிக்க வேண்டியவர் யார் என்றும் அந்த நீதிமன்றம் கேட்டது. கேட்டபின் விடை காண்பது கடினமாக இருக்கவில்லை.

இத்தகைய கேள்வி திடீரென்று எழுந்ததன்று. 1930ஆம் ஆண்டிலேயே, தொழிற்கட்சி அரசின் காலத்தில், அந்நாட்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம் லொறிச் சாரதி தொடர்ந்து ஐந்தரை மணிக்கு மேல் ஓட்டலாகாது, ஒரு நாளில் பத்து மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும் என்று விதித்தது. அதன் பின்னே தொழிற்சங்கங்களின் நெடிய போராட்டம் இருந்தது. முதலாளிகளின் கருணை இருக்கவில்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டம், பாரவண்டித் தொழில் நடத்துவோருக்கே தனி அனுமதிப்பத்திரத்தை ஏற்படுத்தியது. வாகனங்களைப் பேணப் போதிய பணமும், நிறுத்த இடமும், நற்பெயரும் உள்ளவருக்கே அது கிடைக்கும், தவறினால் பறிபோகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டின் 561ஆம் இலக்க ஒழுங்குவிதி இன்னும் ஒருபடி சென்றது. ஓடிய தூரத்துக்கோ ஏற்றிய பாரத்துக்கோ ஏற்பச் சாரதிக்குப் பணம் கொடுப்பது வீதியின் பாதுகாப்பைக் கெடுக்குமாயின் அவ்வாறு கொடுக்கலாகாது என்றும், சாரதி செய்யும் மீறலுக்கு நிறுவனமே பொறுப்பு என்றும் அது கூறுகிறது. நடைக் கூலியின் கழுத்தைப் பிடித்த சட்டம் அது. அயலிலுள்ள இந்தியாவிலும் 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று ஏட்டிலாவது எழுதி வைத்தது.

நம் நாட்டிலே பஸ் ஓட்டுவதற்குச் சேவை அனுமதிப்பத்திரம் வேண்டும். லொறிக்கோ வாகனத்தின் தகுதி பார்க்கப்படுகிறதே தவிர, அதைக் கொண்டு தொழில் நடத்துபவரின் தகுதியை எவரும் பார்ப்பதாக நாம் காணவில்லை. ஆண்டிலே ஒருநாள் தகுதிச் சான்றிதழுக்காகக் கழுவித் துடைத்து நிறுத்தப்படும் வாகனம், மீதி 364 நாளும் எப்படி ஓடியது என்று கேட்பாரில்லை.

தொழிலாளர் சட்டங்களின் கதையும் இதுவே. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கென்று ஒரு சம்பளச் சபை இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதி, 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, 1934ஆம் ஆண்டிலிருந்தே வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் எல்லாம் உண்டு. வடமராட்சியில் டிப்பர் ஓட்டும் இளைஞர்களிடமும், மணல்மீது குந்தியிருந்து வரும் உதவியாளர்களிடமும், “உமக்குச் சேமலாப நிதி இலக்கம் உண்டா?” என்று வாசகர் கேட்டுப் பார்க்கட்டும். பலர் சிரிப்பார்கள். சட்டப்படி நடத்தல் என்றால் பொலிசாரிடம் காட்டுவதற்கு நாலு காகிதம் வைத்திருத்தல் என்று தொழில் நடத்துவோர் எண்ணிக்கொண்டிருக்கும்வரை, அந்தச் சிரிப்பு மாறாது.

நம்மை மறுப்போர் மூன்று வாதங்களை முன்வைப்பர். சிறு உடைமையாளர் அழிந்துபோவார் என்பது முதலாவது. கடனிலே ஒரு டிப்பரை எடுத்து, மாதத் தவணைக்கு ஓடுபவர்கள் நம்மூரில் உளர் என்பது உண்மை. ஆனால் அவர்களை அழிப்பது சட்டமா? அளவோடு ஏற்றி, ரயரை மாற்றி, உதவியாளருக்கு நியாயமான சம்பளம் கொடுக்கும் ஒருவர், இவை எதையும் செய்யாதவர் கேட்கும் விலைக்கு மணல் கொடுக்க முடியுமா? சட்டம் தூங்கும் சந்தையிலே முதலில் வீழ்பவர் நேர்மையாளரே. சட்டம் எல்லார்மீதும் சமமாக விழும்போதுதான் சிறியவர் மூச்சுவிட முடியும்.

விதி கூடினால் இலஞ்சம் கூடும் என்பது இரண்டாவது. 2019 டிசம்பரில் மணல், மண், களி ஆகியவற்றைக் கொண்டு செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை என்று அரசு முடிவு செய்தபோதும், தொழில் செய்வோரின் சிரமத்தை நீக்குவதாகவே கூறப்பட்டது. நீங்கியது சிரமம் மட்டுமா? மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் உரிமையும் அத்தோடு நீங்கியது. மணற்காட்டு மேடுகள் வெறும் மணற் குவியல்களல்ல. அவை மழைநீரை வடித்து நன்னீராகத் தம்முள் வைத்திருப்பவை. வற்றாத ஆறில்லாத குடாநாட்டிலே நன்னீரின் விலையை யார் அறியார்? 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கிய வடமராட்சி கிழக்கிலே, கரைக்கும் குடிமனைக்கும் நடுவே நிற்கும் மேட்டின் அருமையையும் எவரும் விளக்க வேண்டியதில்லை. விதியை விற்கும் அதிகாரி இருந்தால் அதிகாரியைத் தண்டிக்க வேண்டும். களவு நடக்கிறதென்று பூட்டையே கழற்றி எறிவது எந்த ஊர் நியாயம்?

வீடு கட்டுவோருக்கு மணல் விலை ஏறும் என்பது மூன்றாவது. ஏறும், சிறிது ஏறத்தான் செய்யும். இன்றைய மலிவு எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாரதியின் தூக்கத்திலிருந்தும், உதவியாளனின் சேமலாப நிதியிலிருந்தும், ஊராரின் வீதியிலிருந்தும், கடற்கரையின் மேட்டிலிருந்தும் பிடுங்கிய பணமே அந்த மலிவு.

ஆசிரியர்களாகிய நாம் இதைப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காலை ஏழரை மணிக்கு நெல்லியடியிலும் மந்திகையிலும் வீதியோரமாகச் சைக்கிள் மிதித்து வரும் பிள்ளைகள் நமது மாணவர்கள். அவ்வேளையில் அவர்களை உரசிக்கொண்டு போகும் டிப்பரை ஓட்டுபவன் யார்? சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை விட்டு, குடும்பத்துக்காக முதலில் உதவியாளனாக ஏறி, பின் ஓட்டப் பழகியவன். அவனும் சில ஆண்டுகளுக்கு முன் நமது வகுப்பறையின் வாங்கில் இருந்தவனே. மோதுண்டவனும் மோதியவனும் நமது பிள்ளைகள். ஒருவனை மந்திகை வைத்தியசாலைக்கும் மற்றவனை விளக்கமறியலுக்கும் அனுப்பிவிட்டு, இருவரையும் அங்கே அனுப்பிய ஏற்பாட்டை மட்டும் தொடாமல் விடும் நீதியை நாம் எப்படி நீதி என்று கற்பிப்பது?

ஆதலின் நாம் கோருவன இவை. பாரவண்டித் தொழில் நடத்துவோருக்கு, வாகனத்துக்குரியது போக, தொழிலுக்கே அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒவ்வொரு வாகனத்தின் பராமரிப்புக்கும் பெயர் குறித்த ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நடைக் கூலியைத் தடைசெய்து, சம்பளச் சபை விதித்ததற்குக் குறையாத மாதச் சம்பளமும் சேமலாப நிதியும் கொடுக்கப்பட வேண்டும். சாரதி ஓட்டிய நேரத்தைப் பதியும் ஏடோ கருவியோ வாகனத்திலே இருக்க வேண்டும். பாரத்தை ஏற்றுமிடத்திலேயே நிறுக்க வேண்டும். மிகையாக ஏற்றினால் ஏற்றுவித்தவரும் விற்றவரும் சாரதிக்கு முன்பாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும். பாடசாலை தொடங்கும், கலையும் வேளைகளில் பாடசாலை வீதிகளிலே மணல் லொறிகள் ஓடலாகாது. விபத்து நேர்ந்தால் சாரதியின் வாக்குமூலத்தோடு உடைமையாளரின் பராமரிப்புக் கணக்கும் சம்பளக் கணக்கும் அன்றே கைப்பற்றப்பட வேண்டும்.

இவற்றுட் சில கொழும்பிலே பாராளுமன்றம் செய்ய வேண்டியவை. எல்லாவற்றுக்கும் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நகரசபையும் பிரதேச சபைகளும் வீதி போடுவதற்கும் கட்டிடம் எழுப்புவதற்கும் மணலும் கல்லும் ஒப்பந்தத்தில் வாங்குகின்றன. அனுமதிப்பத்திரமும், அளவான பாரமும், சாரதிக்கு மாதச் சம்பளமும் உள்ளவரிடமே வாங்குவோம் என்று ஒப்பந்தப் பத்திரத்திலே ஒரு நிபந்தனை எழுதுவதற்கு எந்தச் சட்டம் தடை? பாடசாலைக்குக் கட்டிடம் எழுப்பும் அபிவிருத்திச் சங்கங்களும் அதே நிபந்தனையை விதிக்கலாம். நமது ஊர்தோறும் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. பத்திரிகை படித்துவிட்டு எழுந்து போகும் இடமாக அவை இருந்தது போதும். அடுத்த முறை அந்தப் பழைய வாக்கியம் பத்திரிகையில் வரும் நாளிலே, ஆசிரியரும் மாணவரும் சாரதிகளும் அங்கே ஒன்றுகூட வேண்டும். வாகனம் யாருடையது, கூலி எந்த முறையில் கொடுக்கப்பட்டது, பாரத்தை ஏற்றியவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் எழுத்திலே பொலிசாருக்கும் பிரதேச செயலாளருக்கும் அனுப்ப வேண்டும். விடை வரும்வரை மீண்டும் மீண்டும் அனுப்ப வேண்டும்.